நம்பனை நம்புதல்

(நமது சங்கத்தின் ஆண்டு நிறைவுக் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)

   

 இன்று "மனிதரை நம்புவதா, கடவுளை நம்புவதா?" என்னும் பொருள் பற்றிச் சில சொல்லுமாறு நம் சங்கத்துச் செயலாளர் அவர்கள் பணித்தார்கள். கேட்பதற்கு எளிய வினா. "கடவுளைத்தான் நம்ப வேண்டும்" என்று சிறு குழந்தையும் விடை கூறிவிடும். ஆயினும் நம் வாழ்க்கையைச் சற்றே உற்று நோக்கினால், நாவினால் ஒருவரையும் நடையினால் வேறொருவரையும் நாம் நம்பி வருதல் விளங்கும். கோயிலில் கைகூப்பி நிற்கும் போதே, "இன்ன பெரிய மனிதரிடம் ஒரு சிபாரிசுக் கடிதம் கிடைத்தால் மகனுக்கு வேலை ஆகிவிடும்" என்று நெஞ்சம் கணக்கிட்டுக்கொண்டிருக்கும். ஆதலின் இவ்வினாவை எளிதென்று தள்ளாமல் ஆராய்தல் நம் கடமையாகும்.

முதலில் "நம்பு" என்னும் சொல்லையே எடுத்துக்கொள்வோம். இக்காலத்தில் இதற்கு உறுதியாகப் பற்றுதல் என்று பொருள் கொள்கிறோம். பழந்தமிழில் இதன் பொருள் வேறு. தொல்காப்பியர் உரியியலில் "நம்பு" என்னும் உரிச்சொல்லுக்கு நசை என்று பொருள் உரைத்தார். நசையாவது விருப்பம். அப்பொருளையொட்டியே சிவபெருமானுக்கு "நம்பன்" என்று ஒரு திருநாமம் வழங்குகின்றது. விரும்பப்படுபவன் என்பது அதன் கருத்து. இதனால் அறியத்தக்கது யாது? எதனை விரும்புகின்றோமோ அதனையே நம்புகின்றோம் என்பதாம். முன்னே விருப்பம் செல்ல, நம்பிக்கை அதன் பின்னே செல்லுகின்றது. ஆகவே "யாரை நம்புவது?" என்று கேட்பதற்கு முன் "எதனை விரும்புகிறேன்?" என்று ஒருவன் தன்னைத்தானே கேட்டுக்கொள்ளல் வேண்டும்.

இப்பொருளை விளக்குதற்கு நாம் தொலைதூரம் செல்ல வேண்டுவதில்லை. தேவாரப் பாடல் பெற்ற கொங்குநாட்டுத் திருப்பதிகள் ஏழு. அவற்றுள் ஒன்று, அவிநாசிக்கு அணித்தே, திருப்பூர் செல்லும் வழியில் உள்ள திருமுருகன்பூண்டி. நம்மிற் பலர் அவ்வழியே பல நூறு முறை போய் வந்திருப்போம். அவ்விடத்தில் நம்பியாரூரராகிய சுந்தரமூர்த்தி நாயனாருக்கு நிகழ்ந்ததைச் சேக்கிழார் பெருமான் பெரியபுராணத்தில் அருளியிருக்கின்றார். அதனைச் சுருக்கமாகக் கூறுவேன்.

சுந்தரர் தம் தோழராகிய சேரமான் பெருமாளின் கொடுங்கோளூருக்குச் சென்று சில காலம் தங்கியிருந்தார். பின்னர்த் திருவாரூர் நினைவு மிகவே விடைபெற்றுப் புறப்பட்டார். பிரிவாற்றாத சேரமான், தம் கருவூலத்துப் பொன்னும் மணியும் ஆடையும் அணியும் ஆட்கள் மேல் ஏற்றி உடன் அனுப்பினார். அப்பொருளோடு சுந்தரர் நம் கொங்குநாட்டு வழியே வருங்காலை, திருமுருகன்பூண்டிக்கு அருகில் சிவபெருமானுடைய பூதகணங்கள் வேடர் உருக்கொண்டு பாய்ந்து அனைத்தையும் பறித்துக்கொண்டன. சுமந்து வந்தவர்கள் அஞ்சி அலறி ஓடினார்கள். சுந்தரரோ வாளெடுக்கவில்லை, சேரமானுக்கு ஆள் விடவுமில்லை. நேரே திருக்கோயிலுக்குச் சென்றார். ஒரு பதிகம் பாடினார். ஏழாந் திருமுறையில் 49ஆம் பதிகம் அது. அப்பதிகம் பணிந்து இரக்கும் பதிகம் அன்று. "வழிச்செல்வோரை அச்சுறுத்தி உடைமை பறிக்கும் வேடர் வாழும் இவ்வூரில் நீர் எதன் பொருட்டு இருக்கின்றீர்?" என்று இறைவனையே இடித்துக் கேட்பது. பாடி முடிந்தவுடன் பறிபோன பொருளெல்லாம் கோயில் வாயிலின் முன் குவிந்து கிடந்தன. இந்நிகழ்ச்சியை நினைவூட்டும் வேடுபறித் திருவிழா அத்தலத்தில் நடைபெறுவதை நீங்கள் அறிவீர்கள்.

இறைவன் ஏன் இவ்வாறு பறித்தான்? சேக்கிழார் ஒரு காரணம் கூறுகின்றார். தம் தோழர்க்குத் தாமே பொன் கொடுப்பதன்றிப் பிறரொருவர் கொடுப்ப அவர் கொள்ளலாகாது என்று கருதி, அதனை வாங்கித் தம் அருளால் தாமே கொடுத்தற்பொருட்டோ, அதனை யாம் அறியோம் என்கின்றார். "அறியோம்" என்று அப்பெரும்புலவர் நிறுத்திய அடக்கத்தை நாம் கருதவேண்டும். இறைவன் உள்ளக் கருத்தை முற்றும் அறிந்தவர் போலப் பேசுவோர் மலிந்த காலத்தில், அறியோம் என்ற அவ்வொரு சொல் நமக்குப் பெரிய பாடம். நம் கோவை மாநகரில் வழக்கறிஞராய் வாழ்ந்த சிவக்கவிமணி சி. கே. சுப்பிரமணிய முதலியார் அவர்கள் (1878–1961) அப்புராணம் முழுமைக்கும் ஏழு பகுதிகளாகப் பேருரை கண்டார்கள். அவ்வுரை வீட்டில் இருப்பவர்கள் இப்பகுதியை இன்றிரவே எடுத்துப் படிக்க வேண்டுகிறேன்.

இவ்வரலாற்றில் நாம் கருதத்தக்கவை மூன்று.

முதலாவது, கொடுத்த சேரமான் தீயவர் அல்லர். அறுபத்து மூவருள் அவரும் ஒருவர். அவர் கொடுத்தது அன்பினால் கொடுத்தது. ஆகவே கடவுளை நம்புதல் என்பது மனிதரை வெறுத்தல் அன்று. "எல்லாரும் வஞ்சகர்" என்று முகஞ்சுளித்து வாழ்தலும் அன்று. சுந்தரர் இதன் பின்னரும் சேரமானோடு நட்பைத் துறக்கவில்லை. மீண்டும் அவர் நாட்டிற்குச் சென்றார்.

இரண்டாவது, போன பொருளும் வந்த பொருளும் ஒன்றே. ஒரு மணியும் மாறவில்லை. மாறியது யாதெனின், கொடுத்தவன் யார் என்னும் அறிவு. நண்பன் கை வழியே வந்ததும் நாயகன் கொடுத்ததே என்பது விளங்கிற்று. வாய்க்கால் வழியே தண்ணீர் வருகின்றது. வாய்க்காலுக்கு நன்றி செலுத்துவோம், அதனைச் செப்பமும் செய்வோம். ஆயினும் மழையை மறந்து வாய்க்காலையே கும்பிடமாட்டோம். மனிதர் உதவியும் இத்தகையதே.

மூன்றாவது, இறைவனையே நம்பியவர்க்கு நாவில் அச்சம் இல்லை. தம்பிரானையே நேர் நின்று கேட்டவர் வேறெவர் முன் வளைந்து நிற்பார்? மனிதரையே நம்பி வாழ்பவனோ, தனக்கு வேண்டியதைக் கொடுப்பவன் தவறு செய்யக் கண்டாலும் வாய் திறவான். அவன் நம்பிக்கை அவன் நாவைக் கட்டிவிடுகின்றது. நம் ஊர்களில் பொதுக்காரியம் பேசும் கூட்டங்களில் நியாயம் தெரிந்தும் பலர் தலைகுனிந்திருப்பது ஏன்? ஒருவர் கடன் பட்டிருப்பார். ஒருவர் மகனுக்கு வேலை எதிர்பார்த்திருப்பார். மனிதரை நம்புவதால் வரும் முதற் கேடு பொருள் இழப்பன்று. நேர்மை இழப்பே என்பது என் கருத்து.

இது நிற்க. மனிதரை நம்பவே கூடாதோ எனின், அங்ஙனம் உலகம் நடவாது. விதை கடன் கொடுப்பவரை நம்புகிறோம், மருத்துவரை நம்புகிறோம், பேருந்து ஓட்டுபவரை நம்பி உறங்குகிறோம். திருவள்ளுவனார் கடவுள் வாழ்த்தில் இறைவன் தாளைப் பற்றுமாறு கூறியதோடு, "தெரிந்து தெளிதல்" என்று ஓர் அதிகாரம் முழுவதையும் மனிதரை நம்பும் முறைக்கே ஒதுக்கினார். ஆராயாமல் ஒருவரை நம்புதலும், ஆராய்ந்து நம்பியவரைப் பின்னர் ஐயுறுதலும் தீராத துன்பம் தரும் என்பது அவர் கொள்கை. நுட்பத்தை நோக்குக! மனிதரைத் தெரிந்து தெளியவேண்டும். இறைவன் தாளைப் பற்றவேண்டும். முன்னது ஆராய்ச்சி, பின்னது சரணம். மனிதரிடம் செய்யவேண்டிய ஆராய்ச்சியை விட்டு அவர்களிடம் சரண் புகுவதும், இறைவனிடம் புகவேண்டிய சரணத்தை விட்டு அவனை ஆராய்ந்து பேரம் பேசுவதுமே நம் குற்றம்.

பேரம் என்றேன். நம் மாவட்டங்களில் நிகழ்ந்த ஒன்றைக் கூறுகிறேன். ஆஸ்திரேலியா நாட்டுப் பறவையாகிய ஈமுவை வளர்த்தால் மாதந்தோறும் பணம், ஆண்டிறுதியில் மேலும் பணம் என்று பெருந்துறை முதலிய இடங்களில் தோன்றிய நிறுவனங்கள் அழைத்தன. சுவரெங்கும் விளம்பரம், நடிகர்கள் முகங் காட்டினர். மானாவாரி நிலத்தில் மழையின்றி வாடியிருந்த எத்தனையோ குடும்பங்கள் நிலத்தை அடகு வைத்தும் நகையை விற்றும் பணம் கட்டினார்கள். 2012ஆம் ஆண்டில் அவை சரிந்தன. பணமும் இல்லை, பறவைகளுக்குத் தீனியும் இல்லை. பட்டினியால் மெலிந்த அப்பறவைகளுக்கு அரசினரே தீனி போட நேர்ந்தது. முதலீட்டாளர் நலன் காக்கும் 1997ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி கோவையில் உள்ள தனி நீதிமன்றத்தில் வழக்குகள் நடந்தன.

அம்மக்கள் அறிவிலிகளா? அல்லர். கிணற்று நீரின் சுவையைக் கொண்டு நிலத்தின் தன்மை கூறுபவர்கள். மாட்டின் சுழி பார்த்து விலை மதிப்பவர்கள். ஒரு ரூபாய்க்கு ஒன்பது முறை எண்ணுபவர்கள். பின் எவ்வாறு ஏமாந்தார்கள்? தொல்காப்பியர் கூறிய நசையே காரணம். அந்நிறுவனத்தாரை யாரும் அறியார். அவர்கள் காட்டிய ஆதாயத்தை விரும்பினர். விருப்பம் நம்பிக்கையின் வேடம் பூண்டு வந்தது. "பக்கத்துத் தோட்டத்தார் கட்டியிருக்கிறாரே" என்பதே சான்றாயிற்று. அவருக்கோ இவரே சான்று! ஒருவரை ஒருவர் நம்பினார்களேயன்றி ஒருவரும் ஆராய்ந்தாரில்லை. ஏமாற்றியவர் குற்றம் பெரிது, அதில் ஐயமில்லை. ஆயினும் அடுத்த வலை வேறு பெயரில் வரும். அன்று பறவை, நாளை வேறொன்று. வலைக்குப் பெயர் மாறும், நசை மாறாது. காவி உடுத்தும் அவ்வலை வரக்கூடும். கடவுளை நம்புகிறேன் என்று சொல்லி, கடவுளாகத் தம்மைக் காட்டும் ஒரு மனிதரிடம் நிலத்தையும் மக்களையும் ஒப்படைப்பது மனிதரை நம்புவதில் மிகக் கொடிய வகை என்று துணிந்து கூறுவேன்.

இனி, உங்களில் சிலர் உள்ளத்தில் ஒரு கேள்வி இருக்கும். "ஐயா, சுந்தரர்க்குப் பொருள் திரும்பி வந்தது. எங்களுக்கு வரவில்லையே! நாங்களும் கோயிலுக்குப் போனோம், நேர்ந்துகொண்டோம், அழுதோம். போன உயிர் போனதுதானே?" என்று கேட்பீர்கள். இக்கேள்வியைக் கேளாதார் போல் கடந்து போகும் சமயப் பேச்சு வெறும் பேச்சேயாகும். 1876 முதல் 1878 வரை இந்நாட்டை வாட்டிய தாது வருஷப் பஞ்சத்தில் நம் முன்னோர் வேண்டாத தெய்வமில்லை. சென்ற நூற்றாண்டின் முற்பகுதியில் கோவையில் பிளேக் நோய் பரவியபோது எழுந்த பிளேக் மாரியம்மன் கோயில்கள் இன்றும் இருக்கின்றன. கும்பிட்டவர் எல்லாரும் பிழைத்தாரல்லர். 2020, 2021ஆம் ஆண்டுகளில் கொரோனா நோயில் நம் வீடுகளிலும் இழப்பு நேர்ந்தது. அவ்வீட்டார்க்கு என்ன விடை கூறுவது?

அவிநாசி வரலாற்றை இங்கே நினைக்க வேண்டும். திருப்புக்கொளியூராகிய அவிநாசியில் எதிரெதிரே இரண்டு வீடுகள். ஒன்றில் உபநயன மங்கல ஒலி. மற்றொன்றில் அழுகை ஒலி. சுந்தரர் காரணம் வினவினார். ஐந்து வயதுடைய சிறுவர் இருவர் குளத்தில் நீராடச் சென்றபோது ஒருவனை முதலை விழுங்கிற்று என்றும், தப்பியவனுக்கே இன்று பூணூல் கலியாணம் என்றும், இழந்த பெற்றோர் அதுகண்டு அழுகின்றனர் என்றும் கூறினர். சுந்தரர் பாடினார், முதலை பிள்ளையைக் கொணர்ந்து கரையில் உமிழ்ந்தது. ஏழாந் திருமுறை 92ஆம் பதிகம் அது. இதுவரை நாமெல்லாம் அறிவோம். ஆனால் நடுவில் ஒன்றைச் சேக்கிழார் கூறுகின்றார்; அதனை நாம் விட்டுவிடுகிறோம்.

சுந்தரர் வந்திருக்கின்றார் என்று கேட்டவுடன், அழுதுகொண்டிருந்த அப்பெற்றோர் கண்ணீரை மாற்றி முகமலர்ந்து வந்து பணிந்தார்கள். "மகனை இழந்தவர் நீங்கள்தாமோ?" என்று அவர் கேட்டபோது, "அது முன்னே நடந்து போனது; தங்களை வணங்க நெடுநாள் விரும்பியிருந்தோம்; அவ்வன்பு பழுதாகாமல் தாங்கள் எழுந்தருளப் பெற்றோம்" என்ற கருத்தில் விடை கூறினார்கள். மகனை மீட்டுத் தருக என்று அவர்கள் கேட்கவேயில்லை! இழந்த துயரையும் மறந்து தம்மைக் கண்டு மகிழ்ந்த அவ்வன்பைக் கண்டே சுந்தரர் உருகி, பிள்ளையை மீட்ட பின்னரே அவிநாசியப்பரை வணங்குவேன் என்று துணிந்தார்.

அன்பர்களே! அப்பெற்றோரின் நம்பிக்கை எப்போது நம்பிக்கையாக இருந்தது? பிள்ளை வந்த பின்னரா? அன்று. முதலை வாய் திறப்பதற்கு முன்னரே அது முழுமையாக இருந்தது. மேலும், கடவுளை நம்பினவர்கள் அழவில்லை என்று சேக்கிழார் எழுதவில்லை. அவர்கள் வீட்டில் அழுகை ஒலி தெருவில் கேட்டது. அழுதல் நம்பிக்கைக் குறைவன்று. "இதனைக் கொடு, உன்னை நம்புகிறேன்" என்பது வாணிகம். "கொடுத்தாலும் கொடாவிட்டாலும் உன்னை விட்டு எங்கே போவேன்?" என்பதே நம்பிக்கை. இறந்த குழந்தை எல்லார்க்கும் திரும்பி வாராது. அதனை வரும் என்று சொல்லி எவரையும் ஏமாற்ற நான் துணியேன். ஆனால் அத்துயரத்தின் நடுவிலும் நெஞ்சம் கசந்து போகாமல், எதிர்வீட்டு மங்கலத்தைப் பொறாது சபிக்காமல், வந்த அடியாரை வரவேற்கும் வலிமை ஒன்று உண்டு. அவ்வலிமையை எந்தச் செல்வரும் நமக்குக் கொடுக்க இயலாது. அதனை நம்பன் ஒருவனிடமே பெறல் கூடும்.

கடைசியாக ஓர் ஐயம். கடவுளை நம்பினால் முயற்சி வேண்டாவோ? இதற்கும் நம் கொங்குநாடே விடை தருகின்றது. திருஞானசம்பந்தர் திருச்செங்கோடாகிய கொடிமாடச் செங்குன்றூரில் எழுந்தருளியிருந்தபோது, பனிக்காலத்துச் சுரம் அடியார்களைப் பற்றிற்று. அப்பொழுது அவர் பாடியது திருநீலகண்டப் பதிகம். சுரம் அடியாரை மட்டுமன்றி அந்நாட்டையே விட்டு நீங்கிற்று என்பது வரலாறு. அப்பதிகத்தில் சோலைகள் வைத்தலும் குளங்கள் பல தோண்டலும் கனிந்த மனத்தோடு செய்யும் தொண்டாகக் கூறப்படுகின்றன. நோய் தீர இறைவனை வேண்டிய பாட்டிலேயே குளம் தோண்டும் பேச்சு வருகின்றது! நம் முன்னோர் அதனை மறக்கவில்லை. 13ஆம் நூற்றாண்டில் பவானியாற்று நீரை நொய்யல் வரை கொண்டுசென்ற காலிங்கராயன் வாய்க்காலைப் பாருங்கள். அதற்கு ஒரு பாம்பு வழிகாட்டிற்று என்று கதை வழங்குகின்றது. பாம்பு வழிதான் காட்டிற்று. மண்ணை வெட்டியவை மனிதர் கைகள். பிள்ளைக்குச் சுரம் கண்டால் திருநீறு இடுங்கள். இட்ட கையோடு மருத்துவரிடமும் அழைத்துச் செல்லுங்கள். திருநீறு உங்கள் நெஞ்சின் நடுக்கத்தைத் தணிக்கும். மருந்து பிள்ளையின் சுரத்தைத் தணிக்கும். இரண்டும் ஒருவன் அருளே.

இக்கருத்துகளை நம் சங்கத்திற்கு எவ்வாறு பொருத்துவது? சிறியேனுக்குத் தோன்றும் மூன்று வேண்டுகோளை உங்கள் முன் வைக்கிறேன்.

ஒன்று, நம் சங்கத்தில் ஏழை மாணவர்க்கு உபகாரச் சம்பளம் கொடுக்கின்றோம். மிக நல்லது. ஆனால் அம்மாணவரை மேடைக்கு அழைத்து, கொடுத்தவர் காலில் விழச் செய்து, நிழற்படம் எடுக்கும் வழக்கம் வேண்டா. பள்ளியில் இருபது ஆண்டுகளாகப் பிள்ளைகளைப் பார்த்து வருகிறேன். அந்தப் பணத்தால் அவன் படிப்பான், அந்தப் படத்தால் குன்றிப்போவான். கொடுப்பவர் வாய்க்காலாக இருப்போம். மழையாக வேடம் பூண வேண்டா. பெற்ற மாணவன் பிற்காலத்தில் நியாயம் பேசும்போது, "உன்னைப் படிக்க வைத்தவன் நான்" என்று யாரும் அவன் வாயை அடைக்கக் கூடாது.

இரண்டு, பிறர்க்குச் சாமீன் கையெழுத்து இடுவதற்கும், புதிய நிறுவனங்களில் பணம் கட்டுவதற்கும் முன்னர்க் கலந்து பேசச் சங்கத்தில் வழக்கறிஞர், கணக்கர் சிலரைக் கொண்ட ஒரு குழு அமைப்போம். தெரிந்து தெளிதற்கு ஓர் இடம் வேண்டும். நிலத்தை அடகு வைக்கு முன் ஒரு நாள் பொறுத்தால் ஒரு தலைமுறை தப்பும். அவ்வாறு கலந்து பேச வரும் பெண்மக்களுக்கும் அங்கே சம மதிப்பு இருத்தல் வேண்டும்; நகை போனால் முதலில் அழுபவர்கள் அவர்களே.

மூன்று, இழவு நேர்ந்த வீட்டிற்குப் பதினாறாம் நாளோடு நாம் போவதை நிறுத்திவிடுகிறோம். அவிநாசியில் சுந்தரர் சில ஆண்டுகள் கழித்தே அவ்வீட்டு அழுகையைக் கேட்டார். கேட்டும் கேளாதார் போல் போகவில்லை. ஆண்டு கடந்த துயரையும் கேட்பதற்கு நம்முள் சிலர் முன்வரல் வேண்டும். பிள்ளையை மீட்டுத் தர நம்மால் இயலாது. வாயிலில் நின்று வினவ இயலும்.

மனிதரை அன்பு செய்வோம், ஆராய்ந்து தெளிவோம், அவர் செய்த நன்றியை மறவோம். ஆயின் நம் தலையை ஒரு மனிதன் காலடியில் ஒப்படையோம். நம் நெஞ்சை ஓர் ஆதாயத்திற்கு விற்போம் அல்லோம். விரும்பத்தக்கவன் ஒருவன், அவனே நம்பன். அவனை விரும்பினால் நம்பிக்கை தானே வரும். நம்பிக்கை வந்தால் நாவிற்கு நேர்மையும் கைக்குத் தொழிலும் நெஞ்சிற்குப் பொறையும் வரும்.

 நம் குலமும் நாடும் எல்லா உயிர்களும் இனிது வாழ்க!